வேலூர்–ஆம்பூர் வட்டார மிஷன் சிற்றூர்ப் பள்ளிகள்

வேலூர்–ஆம்பூர் வட்டார மிஷன் சிற்றூர்ப் பள்ளிகள், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் கிராமங்களில் வெளிநாட்டுப் புராட்டஸ்டன்ட் மிஷன்கள் நடத்திய தொடக்கப் பள்ளிகள். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆரணிப் பகுதிகளில் அமெரிக்க ஆற்காடு மிஷனும், ஆம்பூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் மிசோரி லுத்தரன் மிஷனும் இவற்றை நடத்தின. பெரும்பாலானவை ஒரே ஆசிரியர் கொண்டவை. வார நாட்களில் பள்ளியாக இருந்த கட்டடமே ஞாயிறன்று ஆராதனைக் கூடமாக இருந்தது. சில குடும்பங்களே கொண்ட சிறிய கிறிஸ்தவ சபைகள் இப்பள்ளிகளைச் சுற்றி உருவாகி வளர்ந்தன. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த சேரிக் குழந்தைகளுக்கு முதல் பள்ளிக்கூடமாக அமைந்தவை என்ற வகையில் இவை தமிழகக் கல்வி வரலாற்றில் இடம்பெறுகின்றன.

வட்டாரப் பின்னணி

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. பாலாற்றுப் படுகையின் நீர், ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு ஆகியவை இங்கே எளிதில் கிடைத்தன. 1856-இல் சென்னை ராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. அது பின்னர் ஆம்பூர் வழியாக ஜோலார்பேட்டை வரை நீண்டதும், பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் செல்வது எளிதாயிற்று. தோல் வணிகத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் முதன்மை பெற்றனர். சுண்ணாம்புக் குழிகளிலும் பட்டைத் தொட்டிகளிலும் நின்று வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட சாதியினர்.

கிராமங்களில் இம்மக்கள் நிலவுடைமையாளரிடம் படியாட்களாகவும் பண்ணையாட்களாகவும் இருந்தனர். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் தோலை உரிப்பதும் அவர்கள்மீது சுமத்தப்பட்ட ஊர்க்கடமைகள். அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் நடந்த திண்ணைப் பள்ளிகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆறேழு வயதான குழந்தை மாடு மேய்த்தால் குடும்பத்துக்கு ஒருவேளைக் கூழ் மிச்சம் என்ற நிலையே பொதுவானது.

முன்னோடிகள்

தமிழகத்தில் புராட்டஸ்டன்ட் மிஷனரிகளின் கல்விப்பணி தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706-இல் அங்கு வந்த சீகன்பால்க், தமிழ் எழுத்துகளைக் கற்கத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுடன் அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். அடுத்த ஆண்டே சிறுவர், சிறுமியர் பள்ளிகளை ஏற்படுத்தினார். வேதாகமத்தை ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் வாசிக்க வேண்டும் என்ற சீர்திருத்தச் சபைகளின் நம்பிக்கையே இதன் அடிப்படை. வாசிக்கத் தெரியாத சபை முழுமையான சபை அல்ல என்று அவர்கள் கருதினர்.

இரண்டாம் முன்னோடி யாழ்ப்பாணம். 1816-இல் அங்கு பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் நூற்றுக்கணக்கான கிராமப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. 1823-இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824-இல் உடுவில் பெண்கள் பள்ளியையும் நிறுவியது. அந்த மிஷனில் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஸ்கடர் 1836-இல் சென்னைக்கு மாற்றப்பட்டார். அவருடைய மகன்கள் எழுவர் இந்தியாவில் மிஷனரிகளாயினர்.

ஜான் ஸ்கடர் அமெரிக்கச் சிறுவர்களுக்கென மிஷன் பணி பற்றிய சிறு நூல்களை எழுதினார். அவற்றை வாசித்த ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த காசுகளும் மிஷன் செலவுக்கு வந்தன. இந்துக்களின் வாழ்க்கையை மிக இருண்டதாகச் சித்தரித்தவை என்று இந்நூல்கள் பின்னாளில் விமர்சிக்கப்பட்டன.

ஆற்காடு மிஷன்: பிரசங்கமா, பள்ளியா?

ஜான் ஸ்கடரின் மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவரும் சகோதரர்கள் வில்லியம், ஜோசப் ஆகியோரும் 1853-இல் ஆற்காடு மிஷனை உருவாக்கினர். இது முதலில் அமெரிக்க போர்டின் கீழ் இருந்தது. 1857 முதல் அமெரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது.

இந்த மிஷன் பிற மிஷன்களிலிருந்து வேறுபட்ட ஒரு கொள்கையுடன் தொடங்கியது. கிறிஸ்தவர் அல்லாதவர்களை ஈர்க்கப் பள்ளிகளைக் கருவியாகப் பயன்படுத்துவதில்லை என்பதே அது. தெருவிலும் சந்தையிலும் தமிழில் பிரசங்கிப்பதே முதற்பணி. பள்ளி சபையாரின் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று ஸ்கடர் சகோதரர்கள் கருதினர்.

இக்கருத்து அக்காலத்தின் பெரிய விவாதம் ஒன்றின் பகுதி. கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் ஆங்கிலக் கல்வி வழியாக உயர்சாதி இளைஞர்களை அடையும் முறையை 1830 முதல் பின்பற்றினார். அமெரிக்க போர்டின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் இதற்கு எதிரான நிலையை எடுத்தார். 1854–55-இல் இந்தியாவையும் இலங்கையையும் பார்வையிட்ட அவரது குழு, ஆங்கிலப் பள்ளிகளைக் குறைத்துத் தாய்மொழிப் பள்ளிகளையும் உள்ளூர்ச் சபைகளையும் வளர்க்கும்படி வற்புறுத்தியது. அதன் விளைவாக 1855-இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பள்ளிகளுடன் வளர்ந்த குடும்பமே ஆற்காட்டில் பள்ளியைப் பின்னிறுத்தியது ஒரு முரண்.

நடைமுறையில் இந்தக் கொள்கை நெடுங்காலம் நிற்கவில்லை. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, கிராமங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுத்தறியாதவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்காமல் சபையை நிலைநிறுத்த முடியவில்லை. இரண்டாவது, 1854-இன் உட் கல்வி அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைத்தது. மூன்றாவது, வேலூர் போன்ற நகரங்களில் இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களுக்கும் பையன்களுக்கும் பள்ளி கேட்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்துப் பெண்கள் பள்ளிகள் ஏற்பட்டன. 1898-இல் வேலூர் மிஷன் உயர்பள்ளி கல்லூரியாக உயர்ந்து, பின்னர் ஊரிஸ் கல்லூரி எனப் பெயர்பெற்றது. பிற்காலக் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அக்கல்லூரியில் பயின்றவர்.

கிராம சபைகளின் உருவாக்கம்

1860-களில் ஆற்காடு மிஷன் பகுதியில் தனிமனிதர்கள் சேர்வதை விடக் குடும்பங்கள் சேர்ந்து வருவது வழக்கமாயிற்று. ஒரு சேரியில் சில குடும்பங்கள் கூடிப் பேசி, மிஷனரியிடம் ஆள் அனுப்பும். விக்கிரக வழிபாட்டை விடுதல், ஓய்வுநாளைக் கடைப்பிடித்தல், செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதிருத்தல் ஆகியவை மிஷன் விதித்த நிபந்தனைகளில் முக்கியமானவை. அதை ஏற்ற கிராமத்துக்கு மிஷன் ஓர் உபதேசியாரை அனுப்பும். அவர் பள்ளி ஆசிரியரும் ஆவார்.

இந்த நிபந்தனைகள் வெறும் சமயக் கட்டுப்பாடுகள் அல்ல. செத்த மாட்டைத் தொடமாட்டோம் என்பது ஊர்க்கடமையை மறுப்பதாகவும், ஞாயிறன்று வேலைக்கு வரமாட்டோம் என்பது நிலவுடைமையாளரின் உரிமையைக் கேள்வி கேட்பதாகவும் பார்க்கப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது மாடு மேய்க்க ஆள் இல்லாமல் செய்வது. ஆகவே கிணறு, மேய்ச்சல், கடன், வேலை ஆகியவற்றில் நெருக்கடி தரப்படும் வாய்ப்பு எப்போதும் இருந்தது. ஒரு சிறிய சபையின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளை அது தாங்குவதைப் பொறுத்தே இருந்தது.

1876–78-இன் பெரும்பஞ்சம் நிலைமையை மாற்றியது. நிவாரணப் பணியில் மிஷனரிகள் ஈடுபட்டனர்; பெற்றோரை இழந்த குழந்தைகளை மிஷன்கள் ஏற்றன. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், பசித்த குழந்தைகளுக்கு உணவு வழங்கிய சிறுவயது நினைவைப் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவியவர் இவரே. பஞ்சத்தை ஒட்டிப் பல கிராமங்கள் மிஷன்களை நாடின. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் ஆசிரியரை அனுப்ப இயலவில்லை. ஆசிரியர் இல்லாத இடத்தில் சபையும் நிலைப்பது அரிது என்ற பாடத்தை மிஷன்கள் இக்காலத்தில் கற்றன.

ஆம்பூர் லுத்தரன் மிஷன்

ஆம்பூரில் பள்ளிப்பணி வேறொரு வழியில் வந்தது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் ஆகிய இரு ஜெர்மானிய மிஷனரிகள் வேதாகமத்தின் தெய்வீகத் தன்மை குறித்த கோட்பாட்டுச் சிக்கலில் அந்த மிஷனிலிருந்து விலக நேர்ந்தது. அமெரிக்காவின் மிசோரி லுத்தரன் சினட் 1894-இல் அவர்களைத் தன் முதல் இந்திய மிஷனரிகளாக நியமித்தது. நேதர் 1895-இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கினார். மோன் ஆம்பூரில் அமர்ந்தார். நேதர் 1904-இல் கிருஷ்ணகிரியில் பிளேக் நோயால் இறந்தார்.

மிசோரி லுத்தரன்களுக்குப் பள்ளி பற்றிய தயக்கம் இருக்கவில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களின் சபையான அது, ஒவ்வொரு சபையும் தனக்கென ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்ற மரபைக் கொண்டிருந்தது. மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வது அந்த மரபின் மையம். ஆகவே ஆம்பூர்ப் பகுதியில் சபை உருவாகும் முன்பே பள்ளி வந்தது. தொடக்க ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றவர்கள் மிகச் சிலர். பள்ளிக்கு வந்த பிள்ளைகளோ அதைவிடப் பல மடங்கு.

முதல் உலகப் போர் இந்த மிஷனுக்குப் பெரும் சோதனையாக அமைந்தது. ஜெர்மானியக் குடிமக்களான மிஷனரிகள் தடுத்துவைக்கப்பட்டனர் அல்லது நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். எஞ்சிய சில மிஷனரிகளால் எல்லா நிலையங்களையும் கவனிக்க முடியாதபோது, உபதேசியார்களே பள்ளிகளையும் ஆராதனையையும் தொடர்ந்து நடத்தினர். போருக்குப் பின் பணி விரிவடைந்தது. 1921-இல் ஆம்பூரில் பெத்தேஸ்தா மருத்துவமனை திறக்கப்பட்டது. கன்கார்டியா பள்ளி ஆம்பூரின் முக்கியக் கல்வி நிலையங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1958-இல் இச்சபைகள் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற தன்னாட்சி அமைப்பாயின.

உபதேசியார்

மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் வெளிநாட்டு மிஷனரிகளின் பெயர்களால் நிரம்பியவை. ஆனால் ஒரு மிஷனரியின் பொறுப்பில் பல கிராமங்கள் இருந்தன. மாட்டுவண்டியிலும் குதிரையிலும் சுற்றிவரும் அவர் ஒரு கிராமத்தை ஆண்டில் சில முறையே பார்க்க முடிந்தது. அன்றாடம் குழந்தைகளுக்குக் கற்பித்தவர் உபதேசியார்தான்.

உபதேசியார் காலையில் ஜெபக்கூட்டம் நடத்துவார், பகலில் பள்ளி, மாலையில் வீடுகளைச் சந்திப்பார். சில இடங்களில் வேலைக்குச் சென்று திரும்பும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் விளக்கொளியில் இரவுப் பள்ளி உண்டு. மனு எழுதுவது, தாசில்தாரின் நோட்டீஸை வாசித்துச் சொல்வது, கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது ஆகியவையும் அவர் வேலையாயின. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சேரிக்குள்ளேயே குடியிருப்பது பல கிராமங்களில் அதுவே முதன்முறை.

அவருடைய நிலை எளிதானதல்ல. சம்பளம் குறைவு. மிஷனுக்கும் கிராமத்துக்கும் இடையில் நின்று இரு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகள் வாசித்துக் காட்டும் அளவைப் பொறுத்து மானியம் தரும் முறை 1860-களில் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. அறுவடைக் காலத்தில் ஆய்வாளர் வந்தால் பெஞ்சு காலியாக இருக்கும், மானியம் குறையும். பிள்ளைகளைக் களத்திலிருந்து அழைத்துவருவது ஆசிரியரின் கவலை.

உபதேசியார்களில் பலர் இதே கிராமப் பள்ளிகளில் படித்து, மிஷன் விடுதிப் பள்ளிக்குச் சென்று, பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள். பலமநேரில் தொடங்கிய ஆற்காடு இறையியல் பள்ளி சபை ஊழியர்களையும், வேலூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்கின. இவ்வாறு ஒரு தலைமுறையின் மாணவர் அடுத்த தலைமுறையின் ஆசிரியரானார்.

பாடமும் முறையும்

பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர், பிறகு சிலேட்டு. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுடன் ஞானோபதேசம், வேதாகமக் கதைகள், பாட்டு ஆகியவை கற்பிக்கப்பட்டன. கேள்வியும் பதிலுமாக அமைந்த ஞானோபதேசத்தை ஒரே குரலில் சொல்வது, ஆத்திசூடியைச் சொல்லிப் பழகும் திண்ணைப் பள்ளி முறையோடு இயல்பாகப் பொருந்தியது.

வேதாகம மொழிபெயர்ப்பிலும் சபைகளிடையே வேறுபாடு இருந்தது. பவர் தலைமையிலான குழுவின் திருத்திய மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்து பெரும்பாலான சபைகளில் பரவியது. தென்னிந்திய லுத்தரன் மரபு 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபெப்ரீசியஸின் மொழிபெயர்ப்பை நெடுங்காலம் பேணியது. வீட்டில் பேசும் தமிழுக்கும் இந்நூல்களின் வடசொல் மிகுந்த தமிழுக்கும் இருந்த தொலைவு பிள்ளைகளுக்குக் கடினமாகவே இருந்தது.

அந்தத் தொலைவைக் குறைத்தது பாட்டு. ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளை விடத் தமிழ்க் கீர்த்தனைகள் பிள்ளைகளுக்கு எளிதில் வசப்பட்டன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொகுத்து அச்சிட்டபின், அவை பல மிஷன் பகுதிகளுக்குப் பரவின. எழுத்தறியாத பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து பாட்டுகளைக் கேட்டுக் கற்றனர்.

பெண் குழந்தைகளின் கல்வி மெதுவாகவே முன்னேறியது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களுக்கு இருந்ததால், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வரும் சிறுமியரை ஆசிரியர்கள் அனுமதித்தனர். உபதேசியாரின் மனைவி தையலும் வாசிப்பும் கற்பிப்பது வழக்கம். ஆற்காடு மிஷன் சித்தூரில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடக்கக் காலத்திலேயே ஏற்படுத்தியது. அங்கு படித்த பெண்கள் ஆசிரியைகளாகவும், பின்னர் செவிலியர்களாகவும் பணிக்கு வந்தனர்.

ஓய்வுநாட் பள்ளி

ஓய்வுநாட் பள்ளி முறை இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய முயற்சியால் புகழ்பெற்றது. வாரம் முழுவதும் ஊசித் தொழிற்கூடங்களில் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய ஒரே விடுமுறை நாளில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே அதன் நோக்கம். பின்னாளில் அரசுப் பள்ளிகள் பெருகியபோது மேலைநாடுகளில் அது சமயக் கல்விக்கு மட்டுமானதாயிற்று.

இந்திய ஓய்வுநாட் பள்ளிச் சங்கம் 1876-இல் உருவானது. பாலாற்றுப் பகுதியில் ஓய்வுநாட் பள்ளி அதன் பழைய பொருளிலும் பயன்பட்டது. வார நாட்களில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு எழுத்தை மறக்காமல் வைத்திருக்கும் ஒரே வாய்ப்பு ஞாயிறு வகுப்பே. சிறிய சபைகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பதும், வாசிக்கத் தெரிந்த சிறுவன் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதும் இயல்பாக நடந்தன. பெரியவர்கள் எழுத்தறியாத சபையில் குழந்தைகளே வாசகர்கள். இது குடும்பத்திலும் சபையிலும் அவர்களுக்கு ஒரு புதிய இடத்தை அளித்தது.

உழைப்பும் படிப்பும்

இப்பள்ளிகளின் தீராத சிக்கல் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவது. 1881-இன் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 1891-இல் அந்த வயது 9 ஆகவும் 1922-இல் 12 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் இச்சட்டங்கள் இயந்திர விசையைப் பயன்படுத்திய பெரிய ஆலைகளுக்கே பொருந்தின. கைவேலையாகத் தோல் பதனிட்ட கூடங்களும் பீடிக் கூடங்களும் வயல்களும் அவற்றின் எல்லைக்கு வெளியே இருந்தன.

முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கம் சென்னை மாகாணத்தின் பீடிக் கூடங்களில் இருந்ததை 1931-இல் அறிக்கை அளித்த அரச தொழிலாளர் ஆணையம் பதிவுசெய்தது. 1933-இல் குழந்தை உழைப்பு அடகுத் தடைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கடனுக்காகப் பிள்ளையைக் கூடத்துக்கு அனுப்பிய பெற்றோரிடம் பள்ளியின் பயனை எடுத்துச்சொல்வதே ஆசிரியரின் முதல் பாடம்.

நாடு முழுவதும் இதே நிலைதான். 1929-இன் ஹார்டாக் குழு அறிக்கையின்படி, 1922–23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில் 1925–26-இல் நான்காம் வகுப்பை எட்டியவர்கள் 18 பேர் மட்டுமே. நான்கு ஆண்டுகள் படிக்காத பிள்ளை விரைவில் எழுத்தை மறந்துவிடும் என்று அன்றைய கல்வியாளர்கள் கருதினர். பள்ளிக்குப் பக்கத்திலேயே சபை இருந்த சேரிகளில் பாட்டுப் புத்தகமும் வேதாகமமும் வாரந்தோறும் கையில் எடுக்கப்பட்டதால், கற்ற எழுத்து மறக்காமல் இருக்க ஒரு வழி இருந்தது.

ஆசிரியர் பயிற்சிச் சீர்திருத்தம்

கண்டி திரித்துவக் கல்லூரி முதல்வர் ஏ. ஜி. ஃபிரேசர் தலைமையில் 1919-இல் இந்தியா வந்த மிஷன் கல்விக் குழு, கிராமப் பள்ளிகள் கிராம வாழ்க்கையோடு தொடர்பற்ற பாடங்களை நடத்துவதைச் சுட்டிக்காட்டியது. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மேசன் ஆல்காட் இச்சிந்தனையை வேலூரில் செயல்படுத்த முயன்றார். 1926-இல் இந்தியக் கிராமப் பள்ளிகள் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். மனப்பாடத்தைக் குறைத்தல், தோட்டம், கைத்தொழில், உடல்நலம் ஆகியவற்றைப் பாடமாக்குதல், செய்து கற்றல் ஆகியவை இச்சீர்திருத்தங்களின் சாரம். பஞ்சாபின் மோகா பயிற்சிப் பள்ளியிலும் இதே காலத்தில் இத்தகைய சோதனைகள் நடந்தன.

பெற்றோர் இவற்றை எப்போதும் வரவேற்கவில்லை. மண்வெட்டி பிடிக்கப் பள்ளி எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. பரம்பரை உடலுழைப்பிலிருந்து விடுபடவே அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். எழுத்து வேலை, ஆசிரியர் வேலை, ரயில்வே, மருத்துவமனை ஆகியவற்றுக்குச் செல்வதே அவர்களுடைய எதிர்பார்ப்பு. கிராமத்துக்கு ஏற்ற கல்வியா, கிராமத்திலிருந்து வெளியேறும் கல்வியா என்ற இந்தக் கேள்வி 1937-இல் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்திலும், 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்திலும் வேறு வடிவங்களில் திரும்ப எழுந்தது.

விமர்சனங்கள்

மிஷன் பள்ளிகள் மதமாற்றத்தின் கருவி என்ற விமர்சனம் தொடக்கத்திலிருந்தே உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையை நிறுவியது இதற்கான எதிர்வினை. பஞ்சகாலத்தில் சேர்ந்தவர்களை உணவுக்காக மாறியவர்கள் என்று ஏளனம் செய்வதும் வழக்கமாயிற்று. அரசு மானியம் பெறும் பள்ளியில் சமயப் பாடம் கட்டாயமாக இருக்கலாமா என்பது நெடுநாள் விவாதிக்கப்பட்டது.

சாதி பற்றிய விமர்சனம் மற்றொன்று. ஆற்காடு மிஷன் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஏற்பதில்லை என்ற உறுதியான நிலையை எடுத்தது. ஆனால் பள்ளிகள் சேரியிலேயே அமைந்ததால் பிற சாதிப் பிள்ளைகள் அங்கு வரவில்லை. நகரப் பள்ளிகளிலோ தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. ஆகவே ஒரே மிஷனின் கல்விப்பணி இரு வேறு சமூகங்களுக்கு இரு வேறு தரத்தில் அமைந்தது. மிஷனின் ஊழியராக இருப்பதே படித்தவரின் முதன்மை வாய்ப்பாக இருந்ததால், சபைகள் நெடுங்காலம் வெளிநாட்டுப் பணத்தைச் சார்ந்திருந்தன என்பதும் சுட்டப்படுகிறது.

இணை முயற்சிகள்

இதே காலத்தில் பிற முயற்சிகளும் நடந்தன. 1893-இல் சென்னை மாகாண அரசு அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்டவர்களின் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894-இல் சென்னையில் பிரம்மஞான சபையின் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அவர்களுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தோல் வணிகர்களின் நன்கொடையால் வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1901-இல் உருவாகி, 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவியது. தோல் தொழிலின் செல்வம் முஸ்லிம் கல்வி நிலையங்களாகவும், அத்தொழிலின் உழைப்பாளர் குடும்பங்களின் ஆவல் மிஷன் பள்ளிகளாகவும் உருப்பெற்றது இவ்வட்டாரத்தின் தனித்தன்மை.

இந்தியக் கிறிஸ்தவர்களே நடத்திய பணிகளும் எழுந்தன. திருநெல்வேலிச் சபையார் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவித் தெலுங்குப் பகுதியின் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினர். தமிழர்களான அவர்கள் அங்கே வேற்றுமொழி கற்றுக் கிராமப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. ஆம்பூருக்கு அருகிலுள்ள திருப்பத்தூரில் மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை அமைத்தனர். ஆசிரம வாழ்வு, எளிய உடை, மருத்துவம், சிறுவர் கல்வி ஆகியவற்றை இணைத்த அது, வெளிநாட்டு மிஷன் அமைப்புக்கு மாற்றாகக் கருதப்பட்டது.

இன்றைய நிலை

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆற்காடு மிஷன் சபைகள் அதில் இணைந்தன. 1976-இல் வேலூர் பேராயம் தனியாக அமைந்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் பல அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளாகத் தொடர்ந்தன. 1950-களிலிருந்து அரசு கிராமந்தோறும் பள்ளி திறந்ததும், 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிவுபெற்றதும், மிஷன் பள்ளி மட்டுமே வழி என்ற நிலையை மாற்றின. பசித்த பிள்ளை வகுப்பில் தங்காது என்று கிராம ஆசிரியர்கள் நெடுநாள் கண்ட உண்மைக்கு அரசின் விடையாக மதிய உணவு அமைந்தது.

இன்று ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல், காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கின்றனர். ஓய்வுநாட் பள்ளியும் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியும் கிராம சபைகளில் தொடர்கின்றன. எழுத்தறிவிப்பது இப்போது அவற்றின் வேலை அல்ல. இவ்வட்டாரத்தின் பழைய சபைகள் பலவற்றில் முதல் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் செவிலியர்களும் ஓர் அறைப் பள்ளியிலிருந்து புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அப்பள்ளிகளை நடத்திய உபதேசியார்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் அச்சிட்ட வரலாறுகளில் இல்லை. சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகளும் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளுமே அவர்களை அறிய உதவும் ஆவணங்கள்.